குறுந்தொகையா அகநானூறா, எதில் தொடங்குவது? லயத்தில் இருந்துகொண்டு ஊன்றி வாசிக்க வழி சொல்லுங்கள்

கொழுந்துக்கூடை, பொகவந்தலாவை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் தமிழ் எடுத்தபோது சோதனைக்காகச் சில சங்கப் பாடல்களைப் பாடமாக்கியதோடு சரி. இப்போது கவிதையும் சிறுகதையும் எழுதிப் பார்க்கிறேன். எதை எழுதினாலும் முகநூலில் எல்லோரும் எழுதுகிற மாதிரியே வருகிறது. பழைய இலக்கியத்தை ஊன்றி வாசி, வாசித்ததை வைத்து அமைதியாக யோசி, எழுத்து தானாக மாறும் என்கிறார்கள். அகநானூற்றை எடுத்தேன். மூன்றாம் பாட்டுக்கு மேல் போக முடியவில்லை. உரையை வாசித்தால் விளங்குகிறது, பாட்டுக்குத் திரும்பினால் மறுபடி இருட்டு.

எந்த நூலில், எந்த முறையில் தொடங்க வேண்டும்? பாட்டு முதலா, உரை முதலா? நாளைக்கு எத்தனை? "அமைதியாக யோசிப்பது" என்றால் உட்கார்ந்து என்னதான் செய்வது? லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் டீவி, இந்தப் பக்கம் பிள்ளைகள். காலையில் அரை மணி, இரவில் அரை மணிதான் எனக்குக் கிடைக்கும். அதற்குள் முடிகிற வழியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏடுபிரிப்போன், கண்டி:

தங்கச்சி, அகநானூற்றைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். அதில் பாட்டு 13 அடியிலிருந்து 31 அடி வரை ஓடும். பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். வினைமுற்று எங்கேயோ கடைசியில் கிடக்கும். இன்னொரு தடையும் உண்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என்று முடிவது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல் என்று தொகுத்தவர்கள் திணைப்படி (நிலமும் உணர்வும் சேர்ந்த ஐந்து வகை) அடுக்கிவிட்டார்கள். 1, 2, 3 என்று வரிசையாகப் போனால் ஒன்றுவிட்டு ஒன்று பாலைதான் வரும். தொடங்குகிறவருக்கு அது அலுப்பு.

குறுந்தொகையை எடுங்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. 4 முதல் 8 அடி. இரண்டே இரண்டு மட்டும் 9 அடி. ஒரு பாட்டை மனசில் முழுதாக வைத்துக்கொண்டு நடக்கலாம், வேலை செய்யலாம். நீங்கள் கேட்கிற காரியத்துக்கு அதுதான் முக்கியம்.

பதிப்பு என்றால் உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இருக்கிறது. மதுரைத் திட்டத்தில் மூலம் மட்டும் கிடைக்கும். ஆனால் இணையத்தில் கிடைக்கிற எந்தப் பாடத்திலும் ர-ற, ன-ண, ல-ள மாறி விழுந்திருக்க இடமுண்டு. ஒரு சொல் பிடிபடவே இல்லை என்றால் உங்கள் அறிவைக் குறை சொல்ல முன்னம் இன்னொரு பதிப்போடு ஒப்பிடுங்கள். பழைய அச்சுப் பிரதியின் ஸ்கேன் கிடைத்தால் ணை, லை, ளை, னை எழுத்துகள் மேலே துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும், ணா, றா, னா கூடச் சுழித்திருக்கும். நாலு பக்கம் வாசித்தால் கண் பழகிவிடும்.

அந்தப் பதிப்பில் பாட்டுக்கு மேலே கூற்று (யார் யாருக்கு எந்தச் சமயத்தில் சொன்னது), கீழே பதவுரை, முடிபு, கருத்து, விளக்கவுரை, ஒப்புமைப் பகுதி என்று வரும். அச்சிட்ட ஒழுங்கில் வாசிக்க வேண்டாம். கூற்றையும் உரையையும் ஒரு கடதாசியால் மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் பாருங்கள். 18ஆம் பாட்டைச் சொற்பிரித்துத் தருகிறேன், கபிலர் பாடியது:

வேரல் வேலி வேர்க்கோள் பலவின்
சாரல் நாட! செவ்வியை ஆகுமதி;
யார் அஃது அறிந்திசினோரே? சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு, இவள்
உயிர் தவச் சிறிது, காமமோ பெரிதே.

வாய்விட்டு மூன்று தரம் வாசியுங்கள். பொருள் தேட வேண்டாம். பிறகு கொப்பியில் கையால் எழுதுங்கள், ஒவ்வோர் அடிக்கும் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டு. இனி, கூப்பிடப்படுகிற அல்லது பேசப்படுகிற ஆளைத் தேடுங்கள். குறிஞ்சிப் பாட்டானால் நாடன், வெற்பன், சிலம்பன், பொருப்பன் என்று நிற்பான். நெய்தலில் சேர்ப்பன், துறைவன், கொண்கன். மருதத்தில் ஊரன், மகிழ்நன். அந்தச் சொல்லில் விரலை வைத்து, அதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் பென்சிலால் வளைத்துவிடுங்கள். அது அவன் நாட்டு வருணனை. இங்கே "வேரல் வேலி வேர்க்கோள் பலவின் சாரல்" வளைவுக்குள் போய்விடும். மிஞ்சுவது: நாட, வேளையை உண்டாக்கிக்கொள்; யாருக்குத் தெரியும் இது? இவள் உயிர் சிறிது, ஆசை பெரிது. எலும்புக்கூடு கையில் வந்துவிட்டது. முக்கால்வாசிப் பாட்டுகள் இந்த ஒரு வேலைக்கே திறந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு வளைத்துப்போட்ட பகுதிக்குத் திரும்புங்கள். ஏன் பலா? அவன் நாட்டில் பலா வேரிலே காய்க்கிறது. பழம் தரையில் சாய்ந்து கிடக்கும், சுற்றிச் சிறுமூங்கில் வேலி வேறு. இவள் பக்கத்துப் பழமோ சிறிய கொம்பில் தொங்குகிறது. எந்த நேரமும் முறியலாம். "கலியாணத்தைத் தள்ளிப்போட உனக்கு வசதி இருக்கிறது, இவளுக்கு இல்லை" என்று தோழி வாயால் சொல்லவில்லை. இரண்டு பலாவை வைத்துவிட்டுப் போகிறாள். இதை நீங்களே கண்டுபிடித்த பிறகுதான் கூற்றையும் உரையையும் திறக்க வேண்டும். நீங்கள் நினைத்ததும் உரைகாரர் சொன்னதும் எங்கே பிரிகின்றன என்று கொப்பியில் குறியுங்கள். கூற்றுகள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அதனால் உங்கள் ஊகம் வேறாக இருந்தால் உடனே அழித்துவிட வேண்டியதில்லை.

உரையை முதலில் வாசித்தால் நடப்பது இதுதான்: "கருத்து" என்று ஒரு வரி இருக்கும், மனசு அதைப் பிடித்துக்கொண்டு பாட்டை விட்டுவிடும். அந்த ஒரு வரியில் பலா இருக்காது.

அளவு: ஒரு பாட்டுக்கு மூன்று நாள். முதல் நாள் ஓசையும் எலும்புக்கூடும். இரண்டாம் நாள் உரை. மூன்றாம் நாள் புத்தகமே இல்லாமல். வாரத்துக்கு இரண்டு, ஒரு நாள் ஓய்வு. ஆண்டு முடிவில் நூறு பாட்டு உங்களுக்குச் சொந்தமாகியிருக்கும்.

ஹப்புத்தளைக் காற்று, பண்டாரவளை:

மேலே சொன்ன மூன்றாம் நாளைப் பற்றி எழுதுகிறேன். தங்கச்சி கேட்டதில் பாதி அதுதானே.

முதலில் ஒன்று. இது தியானம் பழகுவது போல மனசை வெறுமையாக்குகிற வேலை இல்லை. மனசில் ஒரு பொருளை வைத்து அதைச் சுற்றி வருவது. பொருள் இல்லாமல் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் கடன், சம்பளம், நாளைய வேலை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். எனவே பாட்டிலிருந்து ஒரேயொரு காட்சி: சிறிய கொம்பு, பெரிய பழம். அவ்வளவு போதும்.

காலை அரை மணியை உட்கார்வதற்கு வையுங்கள், இரவு அரை மணியைக் கையால் எழுதவும் வாய்விட்டு வாசிக்கவும் வையுங்கள். மாற்றிச் செய்தால் மலையில் நின்று வந்த உடம்பு இரவில் கண்ணை மூடியதும் தூங்கிவிடும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போகிறவர்கள் எழும்புவதற்கு முன்னான வேளை லயத்தில் அமைதியான வேளை. போனை அலாரம் வைத்து அடுத்த காம்பராவில் வைத்துவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் கவிழ்த்து வைத்தும் பயனில்லை. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வாங்கு இருந்தால் அதில் இருங்கள். குளிர் என்று போர்வைக்குள் இருந்தால் தூக்கம்.

12 நிமிஷம், அதிகம் போனால் 15. முதல் சில நிமிஷம் கண்ணால்: அந்தக் கொம்பு எவ்வளவு தடிப்பு, பழம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழே சரிவா சமதரையா. அடுத்தது காதால்: இலை, தண்ணீர், யாருடைய காலடி. அதற்குப் பிறகு தோலால்: ஈரமா, காற்றா. கடைசியாக ஒரு கேள்வி: இதைச் சொல்கிற தோழி எந்த இடத்தில் நிற்கிறாள், எதைச் சொல்லாமல் விட்டாள்? மனசு வழுகிப் போகும். போனால் அடியை ஒருமுறை முணுமுணுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். எழுந்ததும் மூன்று வாக்கியம் மட்டும் எழுதுங்கள்: கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, விடை கிடைக்காத கேள்வி ஒன்று. அன்றைக்குக் கவிதை எழுத உட்காராதீர்கள். சூடாக எழுதினால் பாட்டின் சொற்களே உங்கள் வாயில் வரும். இரண்டு நாள் ஆறட்டும்.

சத்தத்துக்கு: தகரத்தில் மழை பிடித்துவிட்டால் அதைவிட நல்ல அமைதி கிடையாது, டீவி எல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். மழை இல்லாத நாளில் காதில் பஞ்சு. தோட்டத்துக் கோயில் நண்பகலில் பூட்டியிருந்தாலும் வெளித் திண்ணை அமைதியாக இருக்கும். டவுனுக்குப் போகிற நாளில் பொது நூலகம்.

மலைக்குள் போய் உட்கார ஆசைப்படுவீர்கள். தேயிலைச் செடிக்குள் குளவிக் கூடு கண்ணுக்குத் தெரியாது. கவ்வாத்து வெட்டாத (கிளை கழிக்காத) உயரச் செடி, கானோரப் (வடிகாலோரப்) புதர், பாறை இடுக்கு ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். காட்டோரத்தில் விடியவும் மசங்கவும் தனியாக இருக்கக் கூடாது; பொகவந்தலாவைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் கணுக்காலில் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டால் அட்டை குறையும். ஆட்கள் நடமாடுகிற பாதையோரக் கல்தான் நல்ல இடம்.

பருவத்தையும் சேர்த்து வாசியுங்கள். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் தருகிறது, அதாவது ஐப்பசி முதல் தை வரை. பொழுது யாமம். முல்லைக்குக் கார், அதாவது ஆவணி, புரட்டாசி, பொழுது மாலை. இது தமிழ்நாட்டு மழைக் கணக்கு. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் பெரிய மழை வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வந்துவிடும். எங்கள் ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் வரட்சியும் கச்சான் காற்றும். மழை ஐப்பசியோடுதான் கனக்கும். அதனால் "கார் வந்துவிட்டது, அவர் வரவில்லை" என்று காத்திருக்கிற முல்லைப் பாட்டுகள் பண்டாரவளை, பதுளைக்காரருக்கு முதல் மேகம் ஏறுகிற புரட்டாசிக் கடைசியில் வாசிக்கப் பொருத்தம். நீங்கள் வைகாசியில், மழை பிடிப்பதற்கு முந்திய வாரத்தில் வாசியுங்கள். மாதப் பெயர் பொருந்தாவிட்டாலும் காத்திருக்கிற உணர்வு பொருந்தும். குறிஞ்சிப் பாட்டுகளை மார்கழி, தையில் வாசிக்க இரண்டு பக்கத்தாருக்கும் ஏற்றது.

பீலிக்கரை, மஸ்கெலியா:

இரண்டு பேர் சொன்னதும் வாசிப்புக்குச் சரி. எழுதப் போகும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மலையகத்தில் இருக்கிறோம், ஆகவே நம்முடையது குறிஞ்சி நிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்தவுடன் தேயிலை மலையில் வேங்கையும் தினைப்புனமும் முளைத்துவிடும். கொழுந்து பறிக்கிற பெண் குறமகள் ஆகிவிடுவாள். எழுத்து பொய்யாகிப் போவது அந்த இடத்தில்தான்.

தேயிலை இங்கே வாணிபப் பயிராகத் தொடங்கியது 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில். அதற்கு முன்னம் கோப்பி. காட்டை வெட்டி, எரித்து, நிரையாகக் கன்று வைத்த நிலம் இது. நிழலுக்கு நிற்கிற கிரவிலியாவும் யூக்கலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இது எந்தத் திணை? சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் ஓரிடம் உண்டு: முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்து, பாலை என்பதோர் படிவம் கொள்ளும். மலை மலையாகவே இருந்தும் தன் இயல்பு திரிந்தால் பாலை. நம் மண்ணுக்கு அந்த மூன்று அடி குறிஞ்சியை விட நெருக்கம் என்பது என் உறுதியான எண்ணம். மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் இல்லாத காட்டு வழியில் மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் வழி பாலை வழியேதான். பிரிவும் சுரமும் வழியில் சாவும் அந்தத் திணையின் பொருள்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை இது. தொல்காப்பியம் கருப்பொருளை, அதாவது ஒரு நிலத்துக்கு உரியவற்றை, எட்டாகச் சொல்கிறது: தெய்வம், உணா (உணவு), மா (விலங்கு), மரம், புள் (பறவை), பறை, செய்தி, யாழ். கொப்பியில் ஒரு பக்கத்தை எட்டுப் பிரிவாகப் பிரித்து, உங்கள் தோட்டத்துக்கு நிரப்புங்கள். தெய்வத்துக்கு மாடசாமியும் ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) ரோதமுனியும். உணாவுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும். பறைக்குத் தப்பு. செய்திக்கு, அதாவது தொழிலுக்கு, கொழுந்தெடுப்பது, கவ்வாத்து, முள்ளுக்குத்துவது, கான் வெட்டுவது. யாழுக்கு என்ன வரும் என்று யோசியுங்கள். தாலாட்டா, ஒப்பாரியா, மாசியில் காமன் கூத்துப் பாட்டா. "மா" என்ற இடத்தில் யானையையும் புலியையும் எழுதாமல் உங்கள் கண் நிஜமாகக் காண்கிறதை எழுதுங்கள்: அட்டை, முள்ளம்பன்றி, மாட்டுப்பட்டியில் கட்டிய பசு. நிரப்ப ஒரு மாதம் எடுக்கட்டும். பேர் தெரியாத மரத்துக்கும் குருவிக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

பிறகு ஒரு பயிற்சி. ஐங்குறுநூற்றில் 201 முதல் 300 வரை கபிலர் குறிஞ்சி. அங்கே கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என்று ஒரே உயிரை வைத்துப் பத்துப் பத்துப் பாட்டு. ஒவ்வொன்றும் 3 முதல் 6 அடி. 271 தொடங்கி 280 வரை குரங்கு மட்டும்தான். பத்து முறை ஒரே குரங்கு, பத்து வேறு நெஞ்சு. நீங்களும் உங்கள் எட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, மூன்று மூன்று அடியில் பத்து எழுதுங்கள். ஐந்து வரை சுலபம், எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிடலாம். ஆறாவதில் சரக்கு தீரும். அங்கே நிறுத்தாமல் எழுந்து போய் அந்தப் பொருளை மறுபடி பார்க்க வேண்டும். ஏழாவதிலிருந்துதான் உங்களுடையது வரும்.

நம் பக்கத்துப் பாட்டையும் கீழாக நினைக்காதீர்கள். சி.வி.வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். தோட்டங்களில் எல்லோர் வாயிலும் இருக்கிற இதைப் பாருங்கள்:

கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

மலை முதற்பொருள் (நிலமும் பொழுதும்). கோப்பிக் கன்று கருப்பொருள். தோற்றது, அதாவது அண்ணனை இழந்தது, உரிப்பொருள் (பாட்டின் உணர்வு). அழுகை பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி அடி கையை நீட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. குறுந்தொகையில் நீங்கள் பிடிக்கப் பாடுபடுகிற முறை இதுதான். ஒரு வாரம் சங்கப் பாட்டு, மறுவாரம் இப்படி ஒன்று என்று மாற்றி வையுங்கள். அந்தச் சொற்களைத் திருத்தி "செந்தமிழ்" ஆக்கி எழுதாதீர்கள்.

கொழுந்துக்கூடை, பொகவந்தலாவை:

மூன்று பேருக்கும் நன்றி. பலாப் பாட்டை நேற்று இரவே எழுதிவிட்டேன். முதல் மாதத்துக்கு எந்த எட்டுப் பாட்டு என்று ஏடுபிரிப்போன் அண்ணன் சொன்னால் அலையாமல் தொடங்கலாம். குறிஞ்சிப் பூவை நம் மலையில் காண முடியுமா என்றும் தெரிய ஆசை. இன்னொன்று, எங்கள் பக்கம் மழைக்கு இருக்கிற இரண்டு மூன்று புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கிறது, அதற்கு என்ன செய்வது?

ஏடுபிரிப்போன், கண்டி:

முதலில் 6. பதுமனார் பாடிய நாலு அடி. "நள்ளென்றன்றே யாமம்" என்று தொடங்கும். ஊரே பேச்சடங்கித் தூங்குகிறது, உலகமும் தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை என்கிறாள். பாட்டில் கடல் கிடையாது, மலையும் கிடையாது. நெய்தல் என்று வகுத்தது இரங்கலை வைத்துத்தான். திணை என்றால் நிலப்படம் மட்டும் என்ற எண்ணம் இந்தப் பாட்டோடு போய்விடும். பீலிக்கரை சொன்ன பாலைக் கணக்குக்கும் இது துணை.

அடுத்து 3, தேவகுலத்தார். "நிலத்தினும் பெரிதே". பிறகு 40, செம்புலப்பெயனீரார்; முதல் மழைக்குக் கானில் ஓடுகிற செந்தண்ணீரைப் பார்த்துவிட்டு வாசியுங்கள், உரையே தேவையில்லை. அதன் பின் 18. 47ஆம் பாட்டைப் போயா (முழுநிலா) இரவுக்கு ஒதுக்குங்கள். அதில் தோழி நிலவைப் பார்த்து, நீ களவுக்கு நல்லதில்லை என்கிறாள். பாறையில் வேங்கைப் பூ உதிர்ந்து புலிக்குட்டி மாதிரித் தோன்றுவது முழுநிலா வெளிச்சத்தில்தானே. வேங்கை, சிங்களத்தில் கம்மாலு, தாழ்ந்த மலைப்பக்கங்களில் இருக்கிறது. உங்கள் உயரத்தில் பார்க்கக் கிடைக்காது. 25 அடுத்தது: கள்ள மணத்துக்குச் சாட்சி, மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு ஒன்றுதான்.

38ஐக் கடைசிக்கு முன்னால் வையுங்கள், கொஞ்சம் கடினம். பாறையில் காட்டு மயில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடுகிற முசுக்குட்டி (குரங்குக் குட்டி) உருட்டுகிறது. அப்படிப்பட்ட நாட்டவன் நட்பு "நன்றுமன்" என்கிறாள். அந்த "மன்"னைத் தாண்டிப் போனால் அவள் அவனைப் புகழ்கிறாள் என்று எடுத்துவிடுவீர்கள். கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மன்னுக்கு மூன்று வேலை சொல்கிறது தொல்காப்பியம். இங்கே சொல்லாமல் ஒன்று மிஞ்சி நிற்கிறது: பிரிவைத் தாங்குகிறவர்களுக்கு நல்லதுதான், எனக்கு? இதே மாதிரி "தில்" வந்தால் விருப்பம், "கொல்" வந்தால் ஐயம். கொப்பியின் பின்னட்டையில் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உரையில் "அசைநிலை" (தனிப் பொருள் இல்லாத சொல்) என்று போட்டிருக்கிற இடத்திலும் ஒருமுறை நின்று பாருங்கள்.

எட்டாவது 189, 343, 360 மூன்றில் ஒன்று, உங்கள் விருப்பம். இவை ஈழத்துப் பூதன்தேவனார் பெயரில் உள்ளவை. அகநானூற்றில் மூன்றும் நற்றிணையில் ஒன்றும் சேர்த்து ஏழு பாட்டு அவர் பெயரில் நிற்கின்றன. நூறு பாட்டு முடிந்த பிறகு அந்த அகநானூற்றுப் பாட்டுகள் (88, 231, 307) வழியாக நீங்கள் மூடிவைத்த நூலுக்குத் திரும்பலாம்.

குறிஞ்சி பற்றி: நீலகிரியில் பூக்கிற அதே இனம் இங்கே இல்லை. அதே பேரினத்துச் செடிகள் பல நம் உயர்மலைக் காடுகளில் உண்டு, சிங்களத்தில் நெலு என்பார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் சில வகைகள் ஏறத்தாழ 12 ஆண்டுக்கொருமுறை ஒன்றாகப் பூத்துக் காய்த்து மடிந்துபோகும். பூக்கிற காலத்தில் தேனீயும், காய் விழுகிற காலத்தில் விதை பொறுக்கக் காட்டுக்கோழியும் கூடும். மடிந்த பிறகு நிற்கிற கோலைப் பார்த்தாலும் 3ஆம் பாட்டில் வருகிற "கருங்கோற் குறிஞ்சி" கண்ணுக்கு வந்துவிடும். அது தேசிய பூங்கா, ஒரு இலையும் பறிக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: 12 ஆண்டுக் கணக்கு மூன்றாம் பாட்டுக்குள் இல்லை. நட்பின் அருமைக்கு அதைக் காரணமாக்கிப் பேசுவது இந்தக் காலத்து வாசிப்பு. அழகான வாசிப்புத்தான், ஆனால் பாட்டு சொன்னது நிலம், வான், நீர், தேன்.

ஹப்புத்தளைக் காற்று, பண்டாரவளை:

பூஞ்சணத்துக்கு: காற்று ஈரம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் அது வரும். உங்கள் பக்கம் மழை மாதங்களில் அதற்குக் கீழே இறங்காது, எனவே காற்றோட்டம்தான் வழி. புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். லயத்துப் பின்சுவர்தான் அதிகம் ஊறும், அங்கே வேண்டவே வேண்டாம். இறுக்கி அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைக்கிறார்கள், ஏற்கெனவே ஈரம் ஏறிய புத்தகத்தைக் கட்டினால் உள்ளே இன்னும் வேகமாகப் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பக்கங்களை விசிறிவிடுங்கள். நீங்கள் தினமும் வாசிக்கிற புத்தகத்துக்கு அதுவே நடந்துவிடும்.

பிடித்துவிட்டதென்றால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், தூள் மற்றப் புத்தகங்களில் போய் விழும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே நிழலில் காற்றுப்படக் காயவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். நேர் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்து தாள் பழுத்துவிடும். பென்சிலால் எழுதிய கொப்பிக்கும் இதே முறைதான். பேனை மை ஈரத்தில் பரவும் என்பதால் குறிப்புகளைப் பென்சிலிலேயே எழுதுங்கள்.